சோப்பை அளந்தவள்

தாம்பரம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் இன்றுவரை குடியிருந்த அத்தனை பேரிலும், குளிக்கிற சோப்பை வாரா வாரம் அளந்து எழுதி வைத்த ஒரே மனுஷி எங்கள் வெர்னியர்தான். மறுக்கிறவர்கள் ஆதாரத்தோடு வரலாம். என்னிடம் ஆதாரம் இருக்கிறது: ஐம்பத்திரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் அளவு, மில்லிமீட்டரில், அவள் சோப்புக்கும் என் சோப்புக்கும் தனித்தனியாக.

அப்பா அம்மா வைத்த அழகான வேதாகமப் பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. சேலையூரில் நாங்கள் இருந்த மாடிப் போர்ஷனுக்கு வந்து அந்தப் பெயரைச் சொன்னால், தண்ணீர் கேன் போடுகிறவர்கூடத் தெரியாது என்பார். வெர்னியர் என்றால் மாடியைக் காட்டுவார். திருமுடிவாக்கத்தில் பம்புக்கான உதிரிபாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் அவளுக்குத் தரம் பார்க்கும் வேலை. காலை முதல் மாலை வரை ஒரு இரும்பு வளையத்தை எடுப்பாள், கனம் அளக்கிற வெர்னியர் காலிப்பரின் தாடைக்குள் கொடுப்பாள், அளவு பார்ப்பாள். சரியாக இருந்தால் பெட்டிக்குப் போகும். சீர் செய்து மீட்கலாம் என்றால் மஞ்சள் சீட்டு. தேறாது என்றால் சிவப்புச் சீட்டு. கம்பெனியில் கழித்துக்கட்டிய ஒரு பழைய காலிப்பரைக் கேட்டு வாங்கி, அதை எப்போதும் கைப்பையில் வைத்திருந்தாள். மற்றப் பெண்கள் சீப்பு வைத்திருக்கிற இடத்தில்.

நான் திண்டிவனத்திலிருந்து வந்தவள். கேளம்பாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் போனில் திட்டு வாங்கும் வேலை. கஸ்டமர் சப்போர்ட் என்று ஆஃபர் லெட்டரில் போட்டிருந்தது. சம்பளம் அவளைவிட ஐயாயிரம் அதிகம். ஒன்றாம் தேதி வரும். பத்தாம் தேதிக்குள் எங்கே போயிற்று என்று எனக்கும் தெரியாது, பேங்குக்கும் தெரியாது.

குடிபோன முதல் நாள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அவள் ஒரு பெரிய தாளை ஒட்டினாள். ஏதோ இயந்திரத்தின் வரைபடம் என்று நினைத்தேன். கிட்டப் போய்ப் பார்த்தால் அவளுடைய பதினாலாயிரம் ரூபாய்ச் சம்பளம். அதைத் தலைவேறு கால்வேறாகப் பிரித்து வரைந்திருந்தாள்.

"இது இன்னாடி, நாலாயிரம் பக்கத்துல பிளஸ் மைனஸ்?"

"டாலரன்ஸ். எந்த அளவும் அச்சு அசலா வராது. எவ்ளோ கூடலாம், எவ்ளோ குறையலாம்னு டிராயிங்லயே போட்டுடணும். வாடகை நாலாயிரம், பிளஸ் மைனஸ் சைபர். சாப்பாடு மூவாயிரத்து இருநூறு, நூத்தம்பது கூடலாம். சேமிப்பு ரெண்டாயிரத்து ஐநூறு, சைபர். காணிக்கை இருநூறு, சைபர்."

"சர்ச்சுக்குக் கூட டாலரன்ஸ் கிடையாதா?"

"கர்த்தர் என்ன, மெஷினா? சரியா குடுக்கணும்."

தாளின் கீழ் மூலையில் R என்று ஒரு எழுத்து. பக்கத்தில் ஐநூறு ரூபாய். அது என்ன என்று கேட்டேன். சமயம் வரும்போது சொல்கிறேன் என்றாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் அளவில்லாத பொருள் இல்லை. தோசை இரண்டரை மில்லிமீட்டர் கனம். அதற்கு மேல் போனால் மாவு வெள்ளிக்கிழமைக்குப் பத்தாது. சோப்பு வாரத்துக்கு நாலு மில்லி கரையலாம். என் சோப்பு ஏழு மில்லி கரைந்தது. ஞாயிறு காலை பல்கூடத் துலக்காமல் குளியலறை வாசலில் காலிப்பரோடு நின்று, "சோப்பைத் தேய்க்கிறியா, தின்றியா?" என்று கேட்பாள். நான் தள்ளுபடியில் வாங்கிவந்த வெள்ளை ஷூவை அரை நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் அதில் சிவப்புச் சீட்டு தொங்கியது. அந்தச் சீட்டோடுதான் ஒரு வாரம் ஆபீஸ் போனேன். எனக்கும் ரோஷம் உண்டு.

அவள் வேலைக்குப் போவதே ஒரு காட்சி. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத சாதாரண பஸ் வரும்வரை, காலியாக வருகிற டீலக்ஸ் பஸ்களை எல்லாம் மேற்குத் தாம்பரம் நிறுத்தத்தில் நின்று வழியனுப்பி வைப்பாள். இதற்காகவே வீட்டிலிருந்து நாற்பது நிமிடம் முன்னால் கிளம்புவாள். "காத்திருக்கிற நேரம் காசில்லையா?" என்று ஒருநாள் கேட்டேன். "என் நேரத்துக்கு யாரும் இதுவரைக்கும் ரேட் சொல்லல. சொல்லட்டும், அப்ப டீலக்ஸ்ல போறேன்" என்றாள்.

மார்க்கெட்டில் அவளோடு போவதற்கு நெஞ்சுரம் வேண்டும். தக்காளிக் குவியல் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தாடைக்குள் கொடுப்பாள். ஒரு ரசத்துக்கு நாற்பத்தைந்து மில்லி தக்காளி ஒன்று என்பது அவள் கணக்கு. கடைக்கார அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னாமா, தக்காளிக்கு ஜொரமா? கம்பி வச்சுப் பாத்துகினுகீற?"

"சைஸ் பாக்கறேன்கா."

"கையில எடுத்தா சைஸ் தெரியாதா உனக்கு? காலங்காத்தால வந்து பேஜார் பண்ணாத. எடுத்தியா, போட்டியா, போய்க்கினே இரு."

இவ்வளவு பேசியவரே அடுத்த மாதம், "அந்தக் கம்பிப் பொண்ணு வரட்டும், பொறுக்கிக் குடுக்கும்" என்று மற்ற வாடிக்கையாளர்களை நிறுத்தி வைத்தார். அதுவும் நடந்தது.

அதே தக்காளிதான் வெர்னியரைக் கவிழ்த்தது. ஒருநாள் விலை அடிமாட்டு விலைக்கு இறங்க, கிலோவுக்கு இவ்வளவு மிச்சம் என்று பெருக்கிப் பார்த்து ஒரு முழுப் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவந்துவிட்டாள். பதினாலு கிலோ. வீட்டில் இரண்டு பேர். ஃப்ரிட்ஜ் கிடையாது. தக்காளி சாதம், தக்காளித் தொக்கு, தக்காளி தோசை, பெயரிடப்படாத தக்காளி. ஐந்தாம் நாள் பெட்டியின் அடியிலிருந்து ஒரு சிவப்பு ஓடை கிளம்பி மாடிப்படி வழியாக இறங்கி, கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அக்காவின் கோலத்தில் போய்ச் சேர்ந்தது. அக்கா போட்ட சத்தம் கேம்ப் ரோடு வரை கேட்டிருக்கும்.

எல்லாவற்றையும் கழுவிவிட்டு வெர்னியர் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள். கம்பெனியில் தப்பு நடந்தால் எழுதுகிற படிவமாம். ஐந்து முறை ஏன் என்று கேட்டு ஐந்து முறை பதில் எழுத வேண்டும். ஐந்தாவது பதிலில்தான் உண்மை இருக்குமாம்.

"தக்காளி ஏன் அழுகுச்சு?"

"பதினாலு கிலோ வாங்கினதால."

"ஏன் வாங்கினேன்?"

"விலை கம்மி."

"விலை கம்மின்னா ஏன் வாங்கணும்?"

"லாபம்னு நெனச்ச."

"ஏன் நெனச்சேன்?"

"பேராசை."

"பேராசை ஏன்?"

அவளே யோசித்து எழுதினாள்: 'பயம்.'

எழுதி முடித்துவிட்டு, சம்பளத்தைப் பிரித்துப் போட்டு வைக்கிற டப்பாக்களில் R என்று எழுதியிருந்ததைத் திறந்து தக்காளிக் காசையும் ஆட்டோக் காசையும் எடுத்து வீட்டுச் செலவு டப்பாவில் போட்டாள். அப்போதுதான் R என்றால் ரீவொர்க் என்று சொன்னாள். தப்பாகிப்போன உருப்படியைச் சீர் செய்கிற செலவு.

"தப்பு பண்றதுக்குன்னு மாசாமாசம் காசு ஒதுக்குவாளாடி ஒருத்தி?"

"ஒதுக்கலைன்னா தப்பு பண்ணாம இருந்துடுவியா? கையில இல்லன்னா என்ன பண்ணுவ? வீட்டுக்குப் போன் பண்ணுவ. அங்க ரெடியா இருப்பாங்க, நான் அப்பவே சொன்னேன்லன்னு."

'அங்க' என்றால் வெகுதூரம் இல்லை. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மேற்குத் தாம்பரம். நடைமேம்பாலம் ஏறி இறங்கினால் அரை மணி நேரத்தில் அவள் பிறந்த வீடு. சொந்த ஊரில் சொந்த வீடு இருக்க, தண்டவாளத்தைத் தாண்டி வந்து வாடகை கொடுத்து வாழ்ந்தவள் அவள். நான் கேட்டதற்குக் கதையைச் சொன்னாள். அப்பா ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கணக்கு வாத்தியார். படிப்பு முடிந்து வேலை கிடைத்த அடுத்த வாரமே மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார். கொஞ்ச நாள் என் சம்பளத்தில் நானே வாழ்ந்து பார்க்கிறேன் என்று இவள் சொல்ல, அவர் சிரித்திருக்கிறார். "ஒரு சோப்பு எத்தனை நாள் வரும்னு தெரியுமா உனக்கு? தனியா வாழப் போறாளாம்" என்றிருக்கிறார்.

அந்தச் சிரிப்புக்குத்தான் ஐம்பத்திரண்டு வாரமும் சோப்பு அளக்கப்பட்டது.

இருவருக்கும் ஒப்பந்தம் ஆயிற்று. ஒரு வருடம். வீட்டிலிருந்து ஒரு ரூபாய் வாங்கக் கூடாது. வெளியில் கடன் வாங்கக் கூடாது, கொடுக்கவும் கூடாது. முடிவில் முப்பதாயிரம் சேமித்துக் காட்ட வேண்டும். ஒன்று தவறினாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அவர் காட்டுகிற மாப்பிள்ளை முன்னால் நிற்க வேண்டும். ஜெயித்துவிட்டால், அவளாக வாய் திறக்கும்வரை கல்யாணப் பேச்சை அவர் எடுக்க மாட்டார்.

இந்த இடத்தில் சிலர் அப்பா பக்கம் சாய்வீர்கள் என்று எனக்குத் தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் காசு அருமை தெரியவில்லை, வெளியில் காபி குடிப்பதை நிறுத்தினாலே வீடு வாங்கிவிடலாம் என்று எங்களுக்கு எடுத்துச் சொல்கிறவர்கள் நீங்கள். ஒரே ஒரு மாதம் பதினாலாயிரத்தை வைத்துக்கொண்டு சேலையூரில் வாடகை, அரிசி, காஸ், கரண்ட் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் காபியைப் பற்றிப் பேசுவோம். காபி நான் வாங்கித் தருகிறேன்.

மாதத்தின் முதல் ஞாயிறு சர்ச் முடிந்ததும் ஹெட்மாஸ்டர் ஸ்கூட்டரில் வந்துவிடுவார், தணிக்கைக்கு. வெள்ளைச் சட்டை, பையில் சிவப்புப் பேனா, கையில் ஒரு தூக்கு. தூக்கில் வஞ்சிர மீன்குழம்பு. மேலே நடப்பதைக் கேட்க ஓனர் அக்காவின் வீட்டுக் கதவு அன்று முழுக்கத் திறந்தே இருக்கும்.

"உங்கம்மா குடுத்தா."

"வேணாம்பா. நாலு துண்டு வஞ்சிரம். அது வீட்டுக் காசு. என் கணக்குல வராது."

"அப்ப என்ன, திருப்பி எடுத்துட்டுப் போறதா?"

"அவ சாப்பிடட்டும். அவளுக்குக் கண்டிஷன் எதுவும் கிடையாது."

எனக்கு எந்தக் கண்டிஷனும் கிடையாது என்பது முழுக்க உண்மை. பதினோரு மாதம் அந்த வீட்டு மீன்குழம்பை நான் ஒருத்தியே சாப்பிட்டேன். நான் முள்ளைப் பிரிக்கிறபோதெல்லாம் வெர்னியர் கண்ணை எடுக்காமல் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொண்டை மட்டும் ஏறி இறங்கும். ஹெட்மாஸ்டர் வரி வரியாகக் கூட்டிப் பார்ப்பார். ஒரு தப்பு கிடைத்துவிடாதா என்று அவர் தேடுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கே பற்றிக்கொண்டு வரும். கிடைக்காது. கடைசியில் சின்னதாக ஒரு டிக் போட்டுவிட்டு எழுந்துபோவார்.

பதினோராவது மாதம் நான் வந்து விழுந்தேன்.

எங்கள் ப்ராஜெக்ட்டை மூடிவிட்டார்கள். நாற்பது பேரை ஒரே மெயிலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி மாதச் சம்பளம் ப்ராசஸில் இருக்கிறது என்றார்கள். என் கையில் போன் தவணை கட்டியது போக நூற்றுப்பத்து ரூபாய். ஓனர் அக்கா கறாராகச் சொல்லிவிட்டார்: அஞ்சாம் தேதிக்குள் முழு வாடகை எட்டாயிரம், இல்லையென்றால் இரண்டு பேரும் காலி செய்ய வேண்டும். "பாதிப் பாதியெல்லாம் எனக்கு வேணாம்மா. ஆள தேடறதுக்குள்ள மாசம் போயிடும்."

திண்டிவனத்துக்குப் போன் செய்தால் பணம் வரும். கூடவே, போதும் கிளம்பி வா என்ற உத்தரவும் வரும். வேறு வழி தெரியாமல் பையைக் கட்டினேன். நான் போய்விட்டால் வேறு ஆளைப் பிடித்து இவளாவது தப்பிப்பாள் என்று ஒரு நினைப்பு. முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால் என் பையின் கைப்பிடியில் ஒரு சீட்டு தொங்குகிறது. மஞ்சள்.

"நீ ரிஜெக்ட் இல்லடி" என்றாள் வெர்னியர். "பையை அவிழ். நாளைலேர்ந்து வேலை தேடு."

பதினோரு மாதத்தில் அவள் செய்த தப்புகள் மொத்தம் ஆறு. அதுபோக R டப்பாவில் நாலாயிரத்து இருநூறு இருந்தது. நாலாயிரத்தை எடுத்து, தன்னுடைய நாலாயிரத்தோடு சேர்த்துக் கீழே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். ஒரு மாதம் நான் தாம்பரத்தில் ஏறாத படி இல்லை. கடைசியில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்கேன் சென்டரில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. அட்வான்ஸ் கேட்டு வாங்கி அடுத்த மாத வாடகையில் என் பங்கை ஐந்தாம் தேதிக்கு முன்பே வைத்தேன்.

கடைசித் தணிக்கைக்கு ஹெட்மாஸ்டர் வந்தார். தூக்கை வைத்தார். சேமிப்பு முப்பதாயிரம், பாஸ்புக்கில் பார்த்தார். கடன் இல்லை, பார்த்தார். R டப்பாவைத் திறந்தார். பேனா நின்றது.

"இதுல நாலாயிரம் குறையுதே?"

"அவ வாடகைக்குக் குடுத்தேன்பா."

"கடன் குடுத்தியா?" குரலில், பதினோரு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷம். "வாங்கவும் கூடாது, குடுக்கவும் கூடாது. சொன்னேனா இல்லையா?"

என் வாய் இருக்கிறதே, அதற்கு நேரம் காலம் கிடையாது. "அங்கிள், நான் ரெண்டே மாசத்துல திருப்பி..." என்று ஆரம்பித்துவிட்டேன். மேஜைக்கடியில் வெர்னியர் என் காலை மிதித்த மிதியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. திருப்பித் தந்தால் அது கடன். கடன் என்றால் அவள் தோற்றாள். இது என் மரமண்டைக்கு ஏற அரை நிமிடம் ஆயிற்று.

"கடன் இல்லப்பா. அவ குடுத்தாலும் வாங்க மாட்டேன். ரீவொர்க் செலவு."

"தப்புக்குன்னு வச்ச பணம்னு நீதானே சொன்ன? யாரோ ஒரு பொண்ணுக்கு வாடகை கட்டினா, அது என்ன தப்பு?"

"ஏழாவது தப்பு. ஃபார்ம் எழுதி வச்சிருக்கேன்."

அவர் படிவத்தை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். மேலிருந்து கீழே. பிறகு கீழ் வரியை மட்டும் திரும்ப ஒருமுறை. எனக்கு அந்தப் பக்கம் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன், மடித்துவிட்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"என் வீட்டு மீன்குழம்பு முழுக்கத் தின்னது நீதானே?"

"ஆமா அங்கிள்."

"ம்."

சிவப்புப் பேனாவைத் திறந்தார். R என்ற வரிக்கு நேராக ஒரு டிக் போட்டார். இதுவரை போட்டதிலேயே பெரிய டிக். பேனாவை மூடிப் பையில் செருகிவிட்டு மகளைப் பார்த்து, "சோப்பு எத்தனை நாள் வரும்?" என்றார்.

"அம்பது நாள். எனக்கு."

"எங்க வீட்ல முப்பது நாள்கூட வரதில்ல" என்றார் அவர்.

அப்போதுதான் வெர்னியர் கை நீட்டித் தூக்கைத் தன் பக்கம் இழுத்தாள். மூடியைத் திறந்தாள். நாலு துண்டையும் தன் தட்டில் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே சாப்பிட்டாள். எனக்கு ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. அவள் அப்பா எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகும் ஒன்றரை வருடம் அந்த மாடியில் இருந்தோம். அப்புறம் ஒரகடத்தில் பெரிய வேலை கிடைத்து அவள் அந்தப் பக்கமே தனி வீடு பார்த்துப் போனாள். கல்யாணப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, ஹெட்மாஸ்டரும் எடுக்கவில்லை. சொன்ன சொல் தவறாத மனிதர். அந்த நாலாயிரத்தை இன்றுவரை அவள் வாங்கவில்லை. ஒருமுறை போனில் அனுப்பினேன். அடுத்த நொடியே திரும்பி வந்தது, கூடவே திட்டும் வந்தது.

காலி செய்கிறபோது பழைய ஃபைலை என்னிடம் விட்டுப் போனாள். சோப்புக் கணக்குக்குக் கீழே ஏழாவது படிவம் இருந்தது. பணம் ஏன் குறைந்தது? வாடகை கட்டினேன். ஏன்? அவளிடம் இல்லை. ஏன்? வேலை போய்விட்டது. அவள் வீட்டில் கேட்காதது ஏன்? கேட்டால் திரும்பக் கூப்பிட்டுவிடுவார்கள். அதற்கு நீ ஏன் கட்ட வேண்டும்? ஐந்தாவது கேள்விக்கு நேராக, பொடி எழுத்தில்: 'எனக்கு அவளைப் பிடிக்கும். பிளஸ் மைனஸ் சைபர்.'

நான் இன்னும் சேலையூரில்தான் இருக்கிறேன். என் சோப்பு இன்றும் வாரத்துக்கு ஏழு மில்லிதான் கரைகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை ஈரம் போகத் துடைத்து ஜன்னலோரம் வைக்கிறேன், வந்தால் அளப்பாளே என்று.